இன்னும் ஒரு வேலை மிச்சம்

என் மாமனாரின் கை இரண்டும் சும்மா இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் கால் மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அந்தக் கைகள் எதையாவது திருகிக்கொண்டோ, தட்டிக்கொண்டோ, சுரண்டிக்கொண்டோ இருக்கும். முன்னால் சோற்றுத்தட்டு இருந்தாலும் இடது கை மேசைக்கு அடியில் போய் எந்த ஆணி ஆடுகிறது என்று தேடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு நிம்மதி கிடையாது. நான் பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவன், அதனால் சொல்கிறேன்.

இலங்கை மலையகத்தில், டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் அவர் மெக்கானிக். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் 'பாஸ்'. கைவேலை தெரிந்த ஆட்களைச் சிங்களவர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள், எங்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தப் பெயரை நான் முதலில் பார்த்ததே எங்கள் கல்யாணப் பத்திரிகையில்தான். அந்தப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போது நான் ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தேன். ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில், காக்கிச் சட்டை போட்ட ஒல்லியான ஆள் ஒருவர் வந்து துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட் இருபத்துநாலு கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்தார். ஒவ்வொரு போல்ட்டாக அதில் வைத்துப் பார்த்து, ஒட்டியதை இந்தப் பக்கம், ஒட்டாததை அந்தப் பக்கம் என்று பிரிக்கத் தொடங்கினார். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒருவர் இருமிக் காட்டினார். இவருக்குக் கேட்கவே இல்லை.

“ஒட்டுறது துருப்புடிக்கும் தம்பி. ஒட்டாததுதான் நல்ல சாமான்.”

“எல்லாமே ஒரே பெட்டியில வந்ததுங்க ஐயா.”

“ஒரே பெட்டியில வந்தா ஒரே மாதிரி இருக்கணுமா? பாக்காம எப்படி நம்புறது?”

பதினாறு தேறியது. மிச்சம் எட்டுக்காக இன்னொரு பெட்டியை உடைத்தேன். அவர் போன பிறகு முதலாளி கல்லாவிலிருந்து தலையை நீட்டினார். முஸ்லிம் மனிதர், நல்லவர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். “மகன், அந்த மனிசன் சாமான் வாங்க வாறல்ல. டொக்டர் மாதிரி சாமானுக்கு வருத்தம் பாக்க வாற” என்றார்.

அடுத்த வாரம் அந்த இருபத்துநாலில் ஒன்று திரும்பி வந்தது. கொண்டுவந்தது அவருடைய மகள் கோமதி. கொட்டகலையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் டீச்சர். ஒற்றைப் போல்ட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

“மறை கொஞ்சம் தேஞ்சிருக்குன்னு அப்பா சொன்னாங்க” என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஒரு போல்ட்டுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“நான் வரலன்னா அவங்களே வந்திருப்பாங்க. ஒங்களுக்கு அது பரவாயில்லயா?”

வேறு போல்ட் எடுத்துக் கொடுத்தேன். அதுவும் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. அப்புறம் ஒரு வாஷர், ஒரு கொக்கி, அரை டின் பெயின்ட். நாலைந்து மாதம் போன பிறகுதான் கவனித்தேன், திரும்பி வருகிற போல்ட்டுகள் சிலவற்றில் ஒரு குறையும் இல்லை. நான் எதுவும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தேன். முதலாளிக்கும் தெரியும். அந்த நேரம் மட்டும் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

அந்தப் போல்ட்டெல்லாம் ஒரு படகுக்கு. மலையில் படகா என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் ஒரு பழைய பங்களாவை வாங்கி ஹோட்டலாக்கியவர்கள் கொட்டிலைச் சுத்தம் செய்தபோது, ஒரு பாய்மரப் படகு குப்பைக்கு அடியில் கிடந்திருக்கிறது. பதினாலு அடி நீளம், பைபர் உடம்பு, வைத்து இழுத்துப் போக இரண்டு சக்கர ட்ரெய்லர். உடைத்துப் போடப் போனார்கள். குழாய் வேலைக்குப் போயிருந்த மாமா அதைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பிராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, மேலே படங்கு போட்டு மூடினார். தண்ணீர் அங்கேயிருந்து நாலு மைல் கீழே. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் தினமும் அந்தப் படகைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். “பாஸ், வெள்ளம் வந்தா எங்களயும் ஏத்திக்குவீங்கதான?” என்று கேட்டுக்கொண்டே போவார்கள். அவர் அதையும் யோசித்துப் பார்த்து, “மூணு பேருக்கு மேல தாங்காது” என்று பதில் சொல்வார்.

எதற்காக வாங்கினீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். “நல்ல சாமான். சும்மா கெடந்தா கெட்டுப்போயிருமே தம்பி” என்றார். வேறு காரணம் கடைசி வரைக்கும் நான் கேள்விப்படவில்லை.

பெண் கேட்க என் அம்மாவும் முதலாளியும் நானுமாகப் போனோம். அம்மா உட்காரப் போன நேரம், “ஒரு நிமிசம் இருங்க” என்று மாமா நாற்காலியை இழுத்துக்கொண்டார். தலைகீழாகக் கவிழ்த்து, சட்டைப்பையிலிருந்து ஸ்குரூ டிரைவர் எடுத்து ஒரு காலை முறுக்கினார். பிறகு இன்னொரு காலை. அம்மா தட்டும் பூவுமாக நின்றுகொண்டே இருந்தார். என்ன மரியாதை இது என்று அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நாலு காலும் முடிந்துதான் உட்காரச் சொன்னார்.

முதலாளி விசயத்தைச் சொன்னார். மாமா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“தம்பிய கடையில பாத்திருக்கேன். கொற சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா எங்கிட்ட ஒரு வேல பாதியில நிக்குதுங்க. அந்தப் படகு தண்ணியில எறங்கட்டும், அப்புறம் இதப் பேசுவோம். ரெண்டு வேலய ஒண்ணாத் தொட்டா ரெண்டும் கெட்டுப்போயிரும்.”

“அது எப்ப முடியும் பாஸ்?”

“ஒரு வேலதான் மிச்சம்.”

உள்ளே பாத்திரம் ஒன்று டங்கென்று விழுந்தது. அடுப்படியில் கோமதியின் அம்மா, என் அத்தை, நின்றிருந்தார். அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. ஒரு மாதம், கூடிப்போனால் இரண்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் சந்தோசமாகத் திரும்பி வந்தோம்.

மூன்று தை மாதம் போனது.

சீக்கிரம் முடியட்டும் என்று ஞாயிறு தவறாமல் நானும் வேலைக்குப் போனேன். எனக்குக் கைவேலை வராது. விற்கத்தான் தெரியும். சேண்ட் பேப்பரைக் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொல்வார். நான் தேய்த்த இடத்தை அவர் மறுபடி தேய்ப்பார். ஸ்குரூ டிரைவரின் பிடியால் படகின் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போவார், காதை வைத்துக் கேட்பார். சத்தம் கணீரென்று வந்தால் நகர்வார். மொத்தென்று வந்தால் அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவார். ஒட்டிக் காய்ந்ததும் மறுபடி தட்டுவார். அவர் தட்டுகிற சத்தம் நின்றால்தான் லயத்தில் குழந்தைகள் தூங்கும் என்று பக்கத்துக் காம்பிராவில் சொல்வார்கள்.

பழுது பார்த்ததோடு நிற்கிற ஆளும் இல்லை. பழுது முடிந்தால் அடுத்தது 'கொஞ்சம் மாத்திப் பாப்போம்' என்பது. பாய்மரத்தை ஒரு ஆளே நிமிர்த்துகிற மாதிரி அடியில் கீல் வைத்தார். கீல் வைத்ததால் கம்பி நீளம் பிசகியது. கம்பியை மாற்றினார். கம்பி மாறியதால் அதை மாட்டுகிற கொக்கி போதாது. கொக்கிக்காகக் கடைக்கு வந்தார். கிழிந்திருந்த பாயை அத்தை குடைத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். வெள்ளைப் பாயில் நாலு கறுப்பு ஒட்டு. “தையல் இழுக்குது” என்று அதையும் இரண்டு தடவை பிரிக்க வைத்தார். மூன்றாம் தடவை அத்தை ஊசியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கொழுந்துக்குப் போய்விட்டார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். படகின் பின்பக்கம் அடியில் இரண்டு விரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை. கரையில் நிற்கும்போது மழைத்தண்ணீர் வடிந்து போவதற்கு அதைத் திறந்து வைக்க வேண்டும், தண்ணீரில் இறக்கும்போது மூட வேண்டும். பழைய ரப்பர் தக்கை வெடித்திருந்தது. மாமா பெக்டரி லேத்தில் பித்தளையில் ஒரு மூடி கடைந்தார். பிடிக்கவில்லை. ஏழாவதாகக் கடைந்ததுதான் மனசுக்குப் பிடித்தது. காந்தத்தோடு அதையும் காக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே கை போய்ப் பையைத் தொட்டுப் பார்க்கும். “இது இல்லன்னா படகு இருந்தும் இல்லாத மாதிரி தம்பி.”

ரெசின் கதை தோட்டம் முழுக்கப் பிரசித்தம். பைபர் ஒட்டுகிற ரெசின் வெயிலில்தான் இறுகும். ஆடி மாதத்து மூடுபனியில் எங்கே வெயில்? படகின் சுக்கானுக்குப் பூசிய ரெசின் பத்து நாளாகியும் பிசுபிசுவென்றே இருந்தது. பத்து நாளும் அவர் பசியாறச் சாப்பிடவில்லை. பதினோராம் நாள் சுக்கானைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய், பெக்டரியில் தேயிலை காயவைக்கிற சூட்டு அறையில் சாய்த்து வைத்துவிட்டார். தேயிலைக்குப் பக்கத்தில் எந்த வாசனையும் ஆகாது. மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு உள்ளே வரப் பார்த்த பெண்களை வாசலிலேயே நிறுத்திய ஆள் இவர். அரை மணி நேரத்தில், தூளுக்குப் பொறுப்பான டீமேக்கர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“பாஸ்! என்னய்யா கொண்டுவந்து வச்சிருக்க? இன்னக்கித் தூளு பூரா பெயின்ட் மணக்கும்!”

சுக்கானைத் தோளில் வைத்துக்கொண்டு மாமா பெக்டரிக்கு வெளியே ஓட, டீமேக்கர் பின்னால் துரத்த, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். வேலை போகாமல் தப்பியது பெரிய காரியம். வீட்டுக்கு வந்து சுக்கானைத் தொட்டுப் பார்த்தவர், “பாதி எறுகிருச்சு” என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

கோயிலில் ஒரு தரம் தீபாராதனை நடக்கும்போது மணி அடித்த ஆளை நிறுத்திவிட்டு மணியின் நட்டை முறுக்கினார். சொந்தக்காரர் கல்யாணத்தில் மைக்கைக் கழற்றினார், பிறகு நாலு மணி நேரம் யாரும் வாழ்த்துப் பேச முடியவில்லை. இதெல்லாம் சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா வட்டவளையில் வேறு பெண் இருப்பதாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். நான் போய் நிற்கிற ஒவ்வொரு ஞாயிறும் அவர் படகைச் சுற்றி வந்து, கடைசியில் அதையே சொல்வார். “எல்லாம் சரி தம்பி. இன்னும் ஒரு வேல மிச்சம்.” அந்தப் படகை ராவோடு ராவாகக் கொளுத்திவிடலாமா என்று நான் நினைத்ததுண்டு.

கோமதியிடம் கோபமாகவே சொன்னேன். “ஒங்க அப்பாவுக்கு என்னப் புடிக்கல. அத நேரடியாச் சொல்ல வேண்டியதுதான?”

“சிவலிங்கம் அண்ணன் ஏன் நொண்டுறாருன்னு தெரியுமா?” என்று கேட்டாள்.

சிவலிங்கம் தோட்டத்தில் கொழுந்து ஏற்றுகிற டிராக்டர் ஓட்டுபவர். பல வருடத்துக்கு முன்னால் அவருடைய டிராக்டருக்கு மாமாதான் பிரேக் போட்டிருக்கிறார். அன்றைக்கு அவசரம், நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து காத்துக் கிடந்தது. இரண்டு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு, “சரி, போ” என்றாராம். மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி தேயிலைக்குள் புரண்டு சிவலிங்கத்தின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் ஒரு நாளும் மாமாவைக் குறை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காலை இழுத்துக்கொண்டு வந்து, படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். அது மாமாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன். “அதுக்கப்புறம் அப்பா யாருகிட்டயும் ‘சரி, போ’ன்னு சொன்னதே இல்ல” என்றாள் கோமதி.

அது உண்மைதான். டிராக்டர் கிளம்பும்போது மாமா அங்கே இருந்தால் குனிந்து பிரேக்கைப் பார்ப்பார். பிறகு வண்டிக்கு முன்னால் வளைவு வரைக்கும் ஓடுவார். வாயால் மட்டும் எதுவும் சொல்லமாட்டார்.

ஆனால் இதை அத்தையிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அதெல்லாம் சும்மா. மனுசன் பொறந்ததுலருந்தே இப்படித்தான். தாலி கட்டுறப்ப மூணாவது முடிச்ச அவரு அக்கா போட்டாங்க. அதயும் இழுத்துப் பாத்தாரு” என்றார். எது சரி என்று எனக்குத் தெரியாது. இரண்டுமே சரியாக இருக்கலாம்.

நாலாவது தை பிறந்தபோது கோமதி முடிவெடுத்தாள். நான் இருக்கும்போதே அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, தைப்பூசத்தன்னிக்குப் படக எறக்குறோம்.”

“இன்னும் ஒரு வேல...”

“அந்த ஒரு வேல எனக்கு நாப்பது வயசானாலும் மிச்சந்தான் இருக்கும். நீங்க எறக்கலன்னா நானே ட்ரெய்லரத் தள்ளி விட்டுருவேன். பள்ளத்துல போய் நிக்கட்டும்.”

அவர் கையில் இருந்த அரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் செய்தாலும் செய்வாள் என்று தெரிந்திருக்க வேண்டும். “சக்கரத்துப் பெயரிங்குக்குக் கிறீஸ் மட்டும் வச்சிர்றேன்” என்றார்.

தைப்பூசத்தன்று காலையில் நானும் அம்மாவும் முதலாளியும் லயத்துக்குப் போனோம். அத்தை ஒரு புது வெள்ளைச் சட்டையையும் வேட்டியையும் நீட்டிக்கொண்டு நின்றார். “நல்ல காரியத்துக்கு இந்த அழுக்குக் காக்கியோடயா வருவீங்க? போய்க் குளிச்சிட்டு வாங்க.” மாமா முனகினார், ஆனால் குளித்து உடுத்திக்கொண்டு வந்தார். திருநீறு பூசிய நெற்றியும் வெள்ளைச் சட்டையுமாக அவரை நான் பார்ப்பது முதல் தடவை. ட்ரெய்லருக்குப் பூசை போட்டார்கள். சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழத்தை எடுத்தபோது மாமா கூடையைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

“இது அழுகல். இது தோலு மெலிசு.”

“நசுங்கப் போற பழந்தானங்க” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

இருந்ததிலேயே சின்னதாக, கல் மாதிரி இருந்த பழத்தைத் தனியாக எடுத்து, மிளகாயோடு சேர்த்துக் கட்டிப் படகின் மூக்கில் தொங்கவிட்டார். இடையில் ஒரு தரம் அவர் கை நெஞ்சுப்பக்கம் போய் வெறும் பையைத் தடவியது. அதற்குள் தேங்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். இது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

சிவலிங்கம் டிராக்டரில் இழுத்து வந்தார். மாமா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஓடினார். கரைக்கு வந்த பிறகும் இறக்க விடவில்லை. ஓடிவந்த சக்கரம் சூடாக இருக்குமாம். சூட்டோடு பச்சைத்தண்ணீரில் இறக்கினால் பெயரிங் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். உள்ளங்கையை வைத்துப் பார்த்துப் பார்த்து ஒரு மணி நேரம் நிறுத்தினார். அம்மா புல்லில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி, “மகன், ஒனக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்” என்று என் காதில் சொன்னார்.

கடைசியில் ட்ரெய்லர் பின்னால் போய்த் தண்ணீரில் இறங்கியது. மாமா பாயை ஏற்றிவிட்டு, படகின் மூக்கில் நீளக் கயிறு ஒன்று கட்டி அதன் மறுமுனையை டிராக்டரில் கட்டினார். நானும் கோமதியும் ஏற வேண்டும், அவர் ஏறமாட்டார். “உள்ள ஒக்காந்தா வெளிய என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?” எனக்கு நீச்சல் தெரியாது. டிராக்டர் டயரின் டியூப் ஒன்றை ஊதி என் இடுப்பில் மாட்டிவிட்டார், கோமதிக்கு ஒன்று. அந்தக் கோலத்தில்தான் நான் பெண்ணோடு படகில் ஏறினேன்.

தள்ளிவிட்டதில் கரையிலிருந்து பத்துப் பதினைந்து முழம் வந்திருப்போம். என் கால் சில்லிட்டது. குனிந்து பார்த்தேன். பின்பக்க ஓட்டையிலிருந்து கட்டைவிரல் தடிப்பில் தண்ணீர் பீறிட்டு வந்துகொண்டிருந்தது. பித்தளை மூடி இல்லை. அது லயத்தில், ஆணியில் தொங்குகிற காக்கிச் சட்டையில் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி என் கையைப் பிடித்துவிட்டாள். “கத்தாதீங்க.”

“தண்ணி வருது கோமதி!”

“தெரியுது. இப்பக் கத்துனா இழுத்துக் கரையில போட்டுருவாங்க. அப்புறம் இந்த சென்மத்துல எறக்க மாட்டாங்க. யோசிச்சுக்கங்க.”

யோசித்தேன். இரண்டு சாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்தினேன், விரல் இடுக்கில் வந்தது. கோமதி படகில் கிடந்த பூசைச் செம்பால் தண்ணீரை மொண்டு, கரைக்குத் தெரியாத பக்கமாக ஊற்றினாள். கரையிலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

“தண்ணி வருதா?”

“இல்லப்பா!”

“அடியில நல்லாப் பாரு!”

“பாத்தேன்பா! காஞ்சு கெடக்கு!” சேலை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

அப்போதுதான் அவள் படகின் மூக்கைப் பார்த்தாள். தவழ்ந்து போய் எலுமிச்சம்பழத்தை மிளகாயோடு பிய்த்து என்னிடம் எறிந்தாள். கண்ணேறு கழிக்கக் கட்டிய பழம், தொடலாமா என்றெல்லாம் நினைக்க நேரமில்லை. ஓட்டையில் வைத்துக் குதிகாலால் அழுத்தினேன். வழுக்கியது. மறுபடி அழுத்தினேன். பாதிப் பழம் உள்ளே போய் இறுகிக்கொண்டது. காலெல்லாம் எலுமிச்சஞ்சாறு. தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குறைந்து, பிறகு அதுவும் நின்றது. அழுகலோ மெலிசோ என்றால் நசுங்கிப்போயிருக்கும்.

உடனே காற்று வந்தது. கறுப்பு ஒட்டுப் போட்ட அந்தப் பாய் படபடவென்று அடித்து, விறைத்து நின்றது, படகு சாய்ந்து ஓடத் தொடங்கியது. யாரும் தள்ளாமல், எந்திரம் இல்லாமல், காற்றில் மட்டும். நாங்கள் இரண்டு பேரும் டியூபைக் கட்டிக்கொண்டு கத்தினோம், அது சந்தோசக் கத்தல். கரையில் அம்மா எழுந்து நின்று கும்பிட்டார். மாமா கயிற்றை விட்டுக்கொண்டே கரையோரமாக ஓடினார். கயிறு தீர்ந்ததும் சிவலிங்கமும் முதலாளியும் சேர்ந்து எங்களை மெதுவாக இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

மாமா நேராகப் படகின் பின்பக்கம் போனார். குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார். ஓட்டையில் எலுமிச்சம்பழத்தின் பச்சை மூக்கு எட்டிப் பார்த்தது. அவர் கை நெஞ்சுக்குப் போய்ப் பையைத் தொட்டது. அப்புறம் மகளின் ஈரச் சேலையைப் பார்த்தார்.

என் உயிர் போய்விட்டது. இன்னும் மூன்று வருடம் என்று நினைத்தேன்.

அவர் வந்து ட்ரெய்லர் கம்பியில் உட்கார்ந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. “மறந்துட்டேன்” என்றார். எந்தப் பிழை நடந்துவிடக்கூடாது என்று இத்தனை வருடம் ஓடினாரோ, அது நடந்திருந்தது. அதுவும் மகளை உள்ளே வைத்து.

“நாங்க பாத்துக்கிட்டோம்பா” என்றாள் கோமதி.

மாமா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். கைகள் எதையும் தேடவில்லை, தடவவில்லை. கால் மணி நேரம் அப்படி இருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எந்த இடத்தில் போனது என்று தெரியவில்லை, பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தேன்.

கடைசியில் முதலாளிதான் பொறுக்க முடியாமல் கேட்டார். “பாஸ், இனி என்ன வேல மிச்சம்?”

“இருக்குங்க” என்றார் மாமா. என் அம்மா பெருமூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டது. அவர் என் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினார். “மிச்ச வேலய மாப்ள பாத்துக்குவாரு.”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோமதி எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

படகை ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டினோம். சிவலிங்கம் காலை இழுத்துக்கொண்டு போய் டிராக்டரில் ஏறி, வழக்கம்போலக் காத்திருந்தார். மாமா குனியவில்லை.

“பாஸ், பிரேக்குப் பாக்கலயா?”

“நீ பாத்தியா?”

“காலயிலயே பாத்தேன்.”

மாமா வண்டியை விட்டு ஒதுங்கி நின்றார்.

“அப்ப சரி, போ.”

சிவலிங்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டார். டிராக்டர் படகை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறி வளைவில் மறைந்தது. மாமா எங்களோடு பின்னால் நடந்து வந்தார். ஓடவில்லை.